செவியை விட்டு நீங்காத பாடல்கள்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென எம்மிடம் கேட்டபோது, சங்கச் செய்யுள் பற்றியோ கம்பன் கவிநயம் பற்றியோ யாம் எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனிடம் வேறென்ன கேட்பது? ஆயின் அத்துறைகளில் எம்மினும் வல்லார் இம்மலரிலேயே பலர் உளராதலின், யாம் எமக்குப் பிடித்த பாடல்கள் சிலவற்றைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

பிடித்த பாடல் என்றவுடன் பாடினவர் யார், இசையமைத்தவர் யார், இராகம் யாது என்று வினவுதல் உலக வழக்கு. யாம் இங்கு எடுத்துக்கொண்டவை மூன்றே. ஒன்று, ஆசிரியர் பெயர் எந்நூலிலும் இல்லாத ஒப்பாரி. மற்றொன்று, அந்நாளில் எமக்குப் பொருள் விளங்காத சிங்கள மொழியில் அமைந்தது. எஞ்சிய ஒன்று மட்டுமே யாவரும் அறிந்த திரைப்பாடல். இலக்கண இலக்கியத் தராசில் இவற்றை நிறுக்க யாம் முற்படவில்லை. எம் குடும்பத்தார் சிலர் இப்பாடல்களுக்குள்ளேயே இன்னும் இருக்கின்றனர். அவ்வளவே இவற்றின் சிறப்பு.

எமது இளமை கழிந்த ஊர் வஹகோட்டை. மாத்தளை நகருக்கு வடக்கே உள்ள இவ்வூரை நம் மாணவர் பலரும் அந்தோனியார் கோவில் கொண்டே அறிவர். யூன் 13ஆம் நாள் அப்புனிதரின் திருநாள். அப்பருவத்தில் வஹகோட்டைக்கு வரும் யாத்திரிகருள் சிங்களவரும் உளர், தமிழரும் உளர், கத்தோலிக்கரல்லாதாரும் உளர். ஊரவர் பெரும்பாலோர் சிங்களம் பேசும் கத்தோலிக்கர். தாம் போர்த்துக்கேயர் வழிவந்தோர் என்பதும், தம் முன்னோரைக் கண்டி மன்னர் அங்குக் குடியிருத்தினர் என்பதும் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 1505இல் இத்தீவிற் காலூன்றிய போர்த்துக்கேயரின் ஆட்சி 1658இல் முடிந்தது. அவர்தம் மொழி வஹகோட்டையில் வழக்கொழிந்து போயிற்று. சமயம் நின்றது, சமயத்தோடு அதன் பாட்டும் நின்றது.

இத்தகைய ஊரில் ஒரு சைவத் தமிழ்க் குடும்பம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்று கேட்பீர்கள். எம் தந்தையார் மாத்தளைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். நகரத்தில் தையற்றொழில் பழகி, வாடகை குறைந்த இடம் தேடிப் போய், கோவிலுக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு கடையைப் பிடித்துச் சிங்கர் இயந்திரம் ஒன்றோடு அமர்ந்தார். திருவிழாக் காலத்தில் அவருக்கு உறக்கமிராது. சுற்றுப்பிரகாரத்தில் வரும் சிறுமியர்க்கு வெண்ணிற ஆடை, பீடச் சிறுவர்க்கு அங்கி, பெரியவர்க்குப் புதுச் சட்டை. நெற்றியில் திருநீறு துலங்க அந்தோனியார் விழாவுக்கு அங்கி தைத்த தையற்காரர் அம்மாவட்டத்தில் வேறொருவர் இருந்திருப்பாரோ, ஐயமே.

வீட்டில் எம் அப்பாயி இருந்தார். தந்தையாரைப் பெற்றவர், முப்பதாண்டுக்கு மேல் கொழுந்தெடுத்தவர், எழுத்தறியாதவர். எழுத்தறியாதவர் என்றோமேயன்றிப் பாட்டறியாதவர் என்று சொல்லவில்லை. மாவரைக்கும்போது ஒரு பாட்டு, புடைக்கும்போது ஒரு பாட்டு, மாசி மாதத்துக் காமன் கூத்தில் கேட்டவை எத்தனையோ. மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த முன்னோரைப் பற்றிய பாட்டையும் அவரிடமே கேட்டோம். இவையெல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கின்றோம். பிற்பகலில் தனியே இருக்கும்போது அவர் பாடிய ஒப்பாரி அது. இறந்தவர் எவர்க்கும் உரியதன்று. உயிரோடிருந்த தம் மகளுக்கு அவர் பாடியது.

இளைய வாசகர் பொருட்டு இவ்விடத்தில் சிறிது வரலாறு கூற வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத்தாரைக் குறித்து, 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். கணக்கிற்கு வந்தோர் 9,75,000 பேர். இவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தாளில் இது கூட்டலும் கழித்தலுமே. குடும்பங்களிலோ, அண்ணன் இந்நாட்டுக்கு மனுப்போட, தங்கையின் கணவர் அந்நாட்டுக்கு மனுப்போட, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரு நாட்டுப் பிரசைகளாயினர். எம் வீட்டில் நிகழ்ந்ததும் அதுவே. 1973இல் எம் அத்தையார் கைக்குழந்தையோடு மாத்தளைப் புகையிரத நிலையத்தில் வண்டியேறினார். தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் அடைந்து, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போனார். இலங்கையிலிருந்து திரும்பியோர்க்கு வேலையளிக்கத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், கோத்தகிரிப் பக்கத்தில் அவருக்கும் மாமாவுக்கும் இடம் கிடைத்தது. தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற அவ்வண்டிக்கு மலையகத்தார் இட்டு வழங்கிய பெயர் ஒப்பாரிக் கோச்சி. பெயரிட்டவர் யாரென்று தெரியாது. புலவராகத்தான் இருக்க வேண்டும்.

அத்தையார் போனபோது யாம் பிறக்கவில்லை. யாம் அறிந்தது அப்பாயியின் பாட்டை மட்டுமே. அப்பாட்டில் கோச்சியின் ஊதல் வரும். கப்பலை ஏசுதல் வரும். பேரப்பிள்ளையின் பால்மணம் மாறாத வாய் வரும். ஒரு கண்ணி முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு முறத்தை எடுத்துப் புடைப்பார். பின் அடுத்த கண்ணி. எம் தந்தையார் கடையிலிருந்து வரும் ஓசை கேட்டால் நிறுத்திவிடுவார். “உசுரோட இருக்கிற புள்ளைக்கு ஒப்பாரி வைக்கிறியே, ஆகுமா அம்மா?” என்று அவர் கடிந்துகொள்வதைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். அதற்கு அப்பாயி ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை.

தந்தையாருக்கு ஒப்பாரி பிடிக்காது. ஆயினும் அவருக்கும் ஒரு பாட்டு இருந்தது. கடையில் பற்றரி போடும் வானொலிப் பெட்டியொன்று இயந்திரத்துக்கு மேலே பலகையில் இருக்கும். காலையில் இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கியபின்னரே முதற்றுணியை வெட்டுவார். அக்காலத்து இலங்கை வானொலியைப் பற்றி இன்றைய மாணவர்க்குச் சொன்னால் மிகைப்படுத்துகின்றோம் என்பர். கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரின் குரல்கள் எம் வீட்டாரின் குரல்களைப் போலவே எமக்குப் பழக்கம். ஒலி தெளிவாகத் தமிழைச் சொல்லுதல் எப்படியென்று யாம் முதலிற் கற்றது பயிற்சிக் கலாசாலையிலன்று, அப்பெட்டியிடத்திலேதான்.

1961இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தில் ஒரு தாலாட்டு உண்டு. கண்ணதாசன் எழுதி, விசுவநாதனும் இராமமூர்த்தியும் இசையமைத்து, சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடியது. எப்பாட்டு என்று சொல்ல வேண்டிய தேவையில்லை. தமிழ் கேட்ட செவி யாவும் அறியும். பிரிந்திருக்கும் அண்ணனும் தங்கையும் தத்தம் மகவைத் தாலாட்டும் பாட்டு. அது வானொலியில் வந்துவிட்டால் எம் தந்தையாரின் கால் இயந்திர மிதியில் நின்றுவிடும். துணி ஊசிக்கடியில் அப்படியே கிடக்கும். வாடிக்கையாளர் பேசினாலும் கேளார். பாட்டு முடிந்தபின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “நூல் அறுந்து போச்சு,” என்பார். நூல் அறுந்திருக்காது. அம்மா எம்மைப் பார்த்து வாயில் விரல் வைப்பார்.

‘நீங்கள் கேட்டவை’ நிகழ்ச்சிக்கு அவர் தபாலட்டை எழுதுவதும் உண்டு. அப்பாட்டையே கேட்பார், விரும்பிக் கேட்போர் பெயர்களில் கோத்தகிரியிலுள்ள தங்கையின் பெயரையும் சேர்ப்பார். நம் வானொலி தமிழ்நாட்டிலும் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை அட்டை எழுதினாரோ, ஒருமுறை அது வாசிக்கப்பட்டது. அன்று கடைக்கு வந்தவரெல்லாருக்கும் தேநீர் வழங்கினார். திரைப்பாடலைத் தமிழாசிரியன் புகழ்தல் தகுமோ என்று எம் துறை நண்பர் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவோம். சுளிக்கட்டும்.

மூன்றாவது பாட்டுக்கு வருகின்றோம். எம் வீட்டுக்கு அடுத்த வளவில் ஒரு முதிய சிங்கள அம்மையார் தனியே வாழ்ந்தார். ஊரார் அனைவர்க்கும் போல எமக்கும் அவர் ‘ஆச்சி’. தவக்காலம் வந்தால் மாலைதோறும் திண்ணையில் இருந்து நீண்ட, இழுத்த இசையில் எதையோ பாடுவார். அதனைப் பசன் என்பர். யேசுவின் பாடுகளையும் தாய் மரியாளின் துயரத்தையும் சொல்லும் பாட்டு. பொருள் எமக்கு அப்போது தெரியாது. துயரம் என்பது மட்டும் தெரிந்தது, ஏனெனில் இழுப்பு அப்பாயியின் இழுப்பைப் போலவே இருந்தது.

இதை முதலில் உணர்ந்தவர் ஆச்சியே. ஒருநாள் பிற்பகல் அப்பாயியின் குரல் கேட்டு வேலியருகே வந்து, செத்தவர் யார் என்று கேட்டார். அப்பாயிக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். எவரும் சாகவில்லை, மகள் கடலுக்கு அப்பால் என்றார். ஆச்சி கோவிற் பக்கம் கையைக் காட்டி, அந்த அம்மாவும் மகனுக்காக அழுதவள்தான் என்று சொல்லி, வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அமர்ந்தார். அதன்பின் பல மாலைகளில் அவ்விருவரும் மாறி மாறிப் பாடக் கண்டோம். ஒருவர் பாட்டின் சொல் மற்றவர்க்கு விளங்காது. ஒருவர் முடித்ததும் மற்றவர், “ம்,” என்று ஒரு பெருமூச்சு விடுவார், வெற்றிலைத் தட்டு நகரும், அடுத்தவர் தொடங்குவார். தந்தையார் இதைப் பார்த்தபின் கடிந்துகொள்வதை விட்டுவிட்டார்.

ஆயின் ஆச்சியின் பாட்டு எமக்குள் நிலைத்தது அம்மாலைகளாலன்று, 1983 யூலையால். அக்கலவரத்தில் மாத்தளை நகரம் பட்ட பாட்டை இம்மலரைப் படிக்கும் மூத்தோர் எம்மினும் நன்கறிவர். எமக்கு அப்போது நான்கு வயது. நகரத்துச் செய்தி எம் ஊரை எட்டியதும் ஆச்சி வந்து, எம் அப்பாயியையும் அம்மாவையும் எம்மையும் தம் வீட்டின் பின்னறைக்கு அழைத்துச் சென்றார். தந்தையார் கடையைப் பூட்டிவிட்டு இருட்டியபின் வந்தார். மூன்று இரவுகள் அங்கிருந்தோம். எவரும் எம்மைத் தேடி வரவில்லை. வருவர் என்ற அச்சம் மட்டும் அங்கிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, கதவுக்கு இப்பால் ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, ஆச்சி மிகத் தாழ்ந்த குரலில் பசனைப் பாடினார். தவக்காலமன்று அது. பாடும் பருவமுமன்று. சாலையிற் போவோர் கேட்டால் அது ஆச்சி வீடு, உள்ளே ஆச்சி மட்டுமே, என்று எண்ணட்டும் என்பதற்காகவே பாடினார் என்று அம்மா பின்னாளிற் சொன்னார். அப்பாயியை அன்று பாட வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவரே வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தார். எம் நினைவின் அடியில் கிடக்கும் முதற்பாட்டு அதுவே. இன்றும் அவ்விசையைக் கேட்டால் எமக்கு மண்ணெண்ணெய் விளக்கு அணைந்த மணம் வருகின்றது. அச்சம் வருவதில்லை, உறக்கம் வருகின்றது.

1990இல் ஆறாம் வகுப்புக்கு இக்கல்லூரியிற் சேர்ந்து, நகரத்தில் உறவினர் வீட்டிலிருந்து படித்தோம். இங்கே எமக்குக் கிடைத்த பாடல்கள் வேறு வகையின. வெள்ளிக்கிழமைதோறும் பூசையில் தேவாரம் முதல் புராணம் ஈறாகப் பஞ்சபுராணம் ஓதுவது, நவராத்திரியில் குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலையை ஒன்பது நாளும் ஒருமித்துப் பாடுவது ஆகியவற்றைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். கடைசி வரிசையிலிருந்தோர் அவலுக்கும் கடலைக்கும் நேரமாயிற்றென்று மாலையின் இறுதிச் செய்யுள்களை விரைவுபடுத்தியதையும் மறந்திரார்! பண் இதுவெனச் சொல்லித்தந்த எம் ஆசிரியப் பெருந்தகையிடம், ஒப்பாரி எந்த இராகம் என்று ஒருமுறை கேட்டோம். முகாரி என்று சொல்வோர் உண்டு, ஆயின் அழுகிறவளுக்கு இராகம் தெரியாது, என்றார்.

1992இல் அப்பாயி இறந்தார். கோத்தகிரிக்குத் தந்தி கொடுத்தோம். அது அத்தையார் கைக்குக் கிடைத்தது நான்கு நாள் கழிந்து. கப்பற் போக்குவரத்து 1984இலேயே நின்றுபோயிருந்தது. தந்தி உரிய வேளையிற் சேர்ந்திருப்பினும் அவர் வந்திருக்க முடியாது. வஹகோட்டையில் ஒப்பாரி பாடத் தெரிந்தவர் ஒருவருமில்லை. தோட்டத்து உறவுப் பெண்கள் வந்து சேர மாலையாகும் என்றனர். ஊருக்கெல்லாம் பாடத்தக்கவராய் இருந்த மூதாட்டி, பாட்டில்லாமல் வெறும் வீட்டில் கிடத்தப்பட்டிருந்தார். அப்போது ஆச்சி வந்து தலைமாட்டில் அமர்ந்து பசன் பாடத் தொடங்கினார். உறவினரொருவர், சைவ வீட்டுச் சாவில் வேதப் பாட்டா, என்று முணுமுணுத்தார். தந்தையார் எழுந்து போய் ஆச்சியின் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. பெண்கள் வரும்வரை, நான்கு மணி நேரத்துக்குமேல், ஆச்சி பாடினார்.

பின்னர்க் கொட்டகலை ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில், நாட்டார் பாடல் என்றொரு துறை இருப்பதையும், சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்ததையும் அறிந்தோம். தோட்டந்தோட்டமாகத் தொழிலாளரின் துயரைப் பாட்டாகப் பாடிச் சென்ற மீனாட்சியம்மாள் நடேசையரைப் பற்றியும் அங்கேயே கேட்டோம். அப்பாயி முறத்தருகே பாடியது ஏட்டிலேறத் தக்கது என்ற எண்ணம் அப்போது உண்டாயிற்று. நினைவிலிருந்த கண்ணிகளைக் குறிப்பேட்டில் எழுதினோம். ஐந்து கண்ணிகள் தேறின. மூன்றாம் கண்ணியில் ஓரடி நினைவுக்கு வரவில்லை. அதற்கு வெற்றிடம் விட்டோம்.

மன்னாரிலிருந்து ஒரு பயிற்சிப் பட்டறைக்கு வந்திருந்த ஆசிரியரிடம் எம் ஆச்சியின் பசனைப் பற்றிச் சொன்னபோது, அவர் ஒரு செய்தி கூறினார். கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் சிங்களத்தையும் தமிழையும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். கண்டி இராச்சியத்துக் கத்தோலிக்கரிடையே பணிபுரிந்த கோவைக் குருமார்—கோயம்புத்தூரன்று, கோவா—மரபில் வந்தவர் அவர். சிங்களப் பசன் மரபு அவரோடு தொடர்புடையது. தமிழில் அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் வடக்கே தமிழ்க் கத்தோலிக்கரால் தவக்காலத்தில் இசையோடு வாசிக்கப்பட்டு வந்தது. கொங்கணி பேசும் நாட்டில் பிறந்த ஒருவர், ஒரே தாயின் துயரை இரு மொழியில் எழுதிவைத்துப் போயிருக்கிறார். நண்பரைச் சிறிது வாசித்துக் காட்டச் சொன்னோம். அடி முடிவில் குரல் இறங்கும் இடத்தில் எமக்கு ஆச்சியின் திண்ணை தோன்றிற்று. ஆச்சி பாடியது அடிகளாரின் வாக்கேயென்று யாம் சாதிக்கமாட்டோம். இசை வல்லார் இரண்டும் வேறு வேறு என்றும் சொல்லக்கூடும். எம் செவி உறவு கண்டது, அவ்வளவே. இதை ஆச்சியிடம் சொல்ல வாய்க்கவில்லை. அவர் 2004இல் மறைந்துவிட்டார்.

2009இல் தந்தையார் காலமானார். அத்தையாரைப் பார்த்துவர வேண்டுமென்ற அவரது ஆசை ஆசையாகவே நின்றது. 2011இல் யாம் கொழும்பில் விமானமேறித் திருச்சியில் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி சென்றோம். மலையேறும் வழியெங்கும் தேயிலை. எம் நாட்டில் இந்தியாக்காரர் என்று சொல்லப்பட்டோரின் பிள்ளைகளை அங்கே சிலோன்காரர் என்று அழைக்கக் கேட்டோம். இதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்; இப்போது வேண்டாம்.

அத்தையார்க்கு எழுபதைத் தாண்டியிருந்தது. எம்மைக் கண்டதும் அழவில்லை. எம் முகத்தில் தம் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டு மூலையில் பழைய வானொலிப் பெட்டியொன்று துணி போர்த்தி இருந்தது. வேலைக்குப் போகுமுன் காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்பாராம். மாத்தளை என்று யாராவது சொன்னால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாராம். தந்தையாரின் தபாலட்டை வாசிக்கப்பட்ட கதையைச் சொன்னோம். அன்று அது அவர் செவிக்கு எட்டவில்லை. “அந்நேரம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்திருப்பேன்,” என்றார். பின்னர் சிறிது நேரம் பேசவில்லை. “அந்தப் பாட்டா? அது போட்டா நானும் அழுவேனே. அண்ணனுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். ஒரே பாட்டு, ஒரே வானொலி, இடையே கடல். இருவரும் ஒருவர்க்கொருவர் எழுதிய கடிதங்களில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அன்றிரவு, “எங்கம்மா என்னைய நெனச்சுப் பாடுமாமே, என்னா பாடுச்சு மருமகனே?” என்றார். அவர்மேற் பாடப்பெற்ற பாட்டை அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது. அது ஒப்பாரியாயிற்றே என்று தயங்கினோம். மச்சானும் வேண்டாமென்றார். வயதான தாய் முன்னிலையில், நடு வீட்டில், விளக்கு வைத்த நேரத்தில் ஒப்பாரி பாடுவதாவது! அத்தையார் விடவில்லை. “செத்த பொறகு பாடுனா நானா கேக்கப் போறேன்? பாடுய்யா,” என்றார்.

எமக்குப் பாடும் குரலில்லை. வகுப்பில் செய்யுளை இசையோடு வாசிப்பதோடு சரி. முதற்கண்ணியைப் பாடினோம். இரண்டாவதைப் பாடினோம். மூன்றாம் கண்ணியில் வெற்றிடத்துக்கு வந்து நின்றபோது, அத்தையார் அதே மெட்டில் வேறு சொற்களைத் தொடுத்துப் பாடத் தொடங்கினார். மாமன் அடித்தானோ என்ற வகைச் சொற்களல்ல, எமக்குப் புதியவை. லயத்துக் காம்பராவும், துணித் தொட்டிலும், பெரட்டுத் தப்பு ஓயுமுன் உறங்கிவிடச் சொல்லும் வேண்டுதலும் அதில் இருந்தன. முடித்துவிட்டு, “இது ஒப்பாரி மெட்டு இல்லய்யா. என்னையத் தொட்டில்ல போட்டு ஆட்டுன பாட்டு. அந்த மெட்டுலதான் எங்கம்மா அழுதிருக்கு,” என்றார்.

யாம் அதுகாறும் ஒப்பாரி என்று எழுதி வைத்திருந்ததன் இசை தாலாட்டு. முகாரியோ நீலாம்பரியோ என்று எம் ஆசிரியரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. மறுநாள் காலையில் அத்தையார் சொல்லச் சொல்லத் தாலாட்டைக் குறிப்பேட்டின் இடப்பக்கத்திலும், ஒப்பாரியை அதற்கெதிரே வலப்பக்கத்திலும் எழுதினோம். மச்சானின் மகள் அதனைப் படியெடுத்து ஒன்றைப் பாட்டிக்கென்று வைத்துக்கொண்டாள். அத்தையார்க்கு வாசிக்கத் தெரியாது, ஆயினும் தலையணைக்கடியில் வைத்திருந்தாராம்.

ஊர் திரும்பியபின் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு வேலை கொடுக்கலானோம். வீட்டில் எவரேனும் பாடும் பாட்டொன்றை, பாடினவர் யார், எப்போது பாடுவார் என்ற குறிப்போடு எழுதிவர வேண்டும். திரைப்பாடலாயினும் தள்ளுபடியில்லை. முதலில் சிரிப்பார்கள். பின்னர் ஒருவன் தாளை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் தாளை யாம் வகுப்பில் வாசிப்பதில்லை. இவ்விழா ஆண்டில் மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருள், வீட்டில் இன்னும் பாடக்கூடிய முதியோர் உள்ளோர் அப்படியொரு தாளை எமக்கும் அனுப்பினால் மகிழ்வோம். கல்லூரி முகவரிக்கே அனுப்பலாம்.

அத்தையார் 2018இல் இறந்தார். எம்மாற் போக இயலவில்லை. மச்சான் கைத்தொலைபேசியை அழைப்பில் வைத்து, பெண்கள் சூழ்ந்திருந்த இடத்தருகே பிடித்தார். கோத்தகிரிப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தனர். சிறிது நேரம் எமக்குத் தெரியாத பாட்டு. பின்னர் எம் அப்பாயியின் முதற்கண்ணி, இரண்டாவது கண்ணி. அத்தையார் அவற்றை அயல்வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார் என்பதை அதுவரை யாம் அறியோம். மூன்றாம் கண்ணியில் யாம் விட்டிருந்த வெற்றிடத்தைக் கடந்து குரல்கள் தடையின்றிப் போயின. அங்கே என்ன சொல் இட்டனர் என்பது இரைச்சலில் எமக்குக் கேட்கவில்லை. அடுத்த கிழமை மச்சான் அப்பெண்களிடம் கேட்டு எழுதியனுப்பினார். குறிப்பேட்டில் அவ்வடி மட்டும் வேறு மையில் இருக்கின்றது.